தஞ்சோங் மாலிமுக்கு மட்டும் பத்து விநாடி

கலும்பாங் பக்கத்துத் தோட்ட ஆபீஸ் ஒன்றில் பழைய டெலிபோனைக் கழற்றிவிட்டு இண்டர்நெட் போன் மாட்டியிருந்தார்கள். கோலாலம்பூர் எண்ணை அழுத்தினால், கடைசி இலக்கத்திலிருந்து விரலை எடுப்பதற்குள் அங்கே மணி அடிக்கிறது. கோல குபு பாருவுக்கும் அப்படித்தான். பெர்னாம் ஆற்றைத் தாண்டினால் வந்துவிடும் தஞ்சோங் மாலிமுக்கு மட்டும் எண்ணை அழுத்திய பிறகு காதில் ஒரு சத்தமும் இல்லை. மூன்று விநாடி, ஐந்து விநாடி, பத்து விநாடி. சரி, வைத்துவிடலாம் என்று கை இறங்கும்போதுதான் மணி அடிக்க ஆரம்பிக்கிறது.

"கே.எல். பக்கமாம், தஞ்சோங் மாலிம் தூரமாம். இது என்ன கணக்கு தம்பி?" என்றார் ஆபீஸின் தலைமை எழுத்தரான பெரிய கிராணி.

பார்த்துச் சரி செய்யப் போனவன் நான். "லைன் கொஞ்சம் மெதுவா இருக்குங்க ஐயா" என்று சொல்லிவைத்தேன். பொய். லைன் மெதுவாக இருந்தால் கோலாலம்பூருக்கும் மெதுவாகத்தான் போக வேண்டும். அது அவருக்கும் தெரியும். ஆயுள் முழுக்கச் செக்ரோல் என்னும் சம்பளக் கணக்கு எழுதியவர், கணக்கு இடிப்பதைக் கண்டுபிடிப்பதுதான் அவர் வேலை. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தேநீர் சொல்லப் போய்விட்டார்.

அந்தப் பத்து விநாடி கம்பியில் செலவாகவில்லை. மேசைமேல் இருக்கும் போனுக்குள்ளேயே செலவானது. போன் யாரையும் அழைக்காமல், பத்தாம் ஆளுக்குப் பந்தியில் இலை போட்டுக் காத்திருப்பவரைப் போல, வராத ஓர் இலக்கத்துக்காகக் காத்திருந்தது.

ஏன் என்று புரிய, பழைய டெலிபோன் எப்படி வேலை செய்தது என்பதைப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் ஆல்மன் ஸ்ட்ரோஜர் என்றொருவர். பிணப்பெட்டி விற்று, இறுதிச் சடங்கு நடத்திக்கொடுப்பது அவர் தொழில். எக்ஸ்சேஞ்சில் கம்பி இணைத்துவிடும் பெண் தனக்கு வரும் அழைப்புகளைப் போட்டிக்காரருக்குத் திருப்பிவிடுகிறார் என்ற சந்தேகத்தில், மனிதக் கை இல்லாமலே இணைக்கும் இயந்திரத்தை அவர் யோசித்தார் என்று கதை சொல்வார்கள். கதை எப்படியோ, 1891-இல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. அடுத்த ஆண்டு இண்டியானா மாநிலத்து லா போர்ட்டில் அத்தகைய எக்ஸ்சேஞ்ச் இயங்கவும் தொடங்கிவிட்டது.

அந்த இயந்திரம் எண்ணைப் படிக்கவில்லை. எண்ணின் வழியாக நடந்தது. சுழல் வட்டில் 4-ஐச் சுற்றிவிட்டால் கம்பியில் நான்கு துடிப்புகள் போகும். எக்ஸ்சேஞ்சில் ஓர் இரும்புக் கை நான்கு படி ஏறி நிற்கும். அடுத்த இலக்கத்துக்கு அடுத்த கை. கடைசி இலக்கத்தில் அந்தக் கை ஒரு வீட்டுக் கம்பியைத் தொட்டுக்கொண்டு நிற்கும். அதற்குமேல் போக இடம் கிடையாது. எண் முடிந்துவிட்டதா என்று யாரும் யோசிக்கத் தேவையில்லாமல் இருந்தது. வழி தீர்ந்த இடத்தில் எண்ணும் தீர்ந்தது.

இண்டர்நெட் போனில் அந்த நடை கிடையாது. எடுத்தவுடன் காதில் கேட்கும் அந்த நீண்ட 'ஊ...' ஒலிகூட எக்ஸ்சேஞ்சிலிருந்து வருவதில்லை. போன் தானாகவே பாடிக்கொள்கிறது, நமக்குப் பழக்கம் விட்டுப் போகக் கூடாதென்று. பொத்தான்களை அழுத்தும்போது கேட்கும் ஒலிகளும் அப்படித்தான். இணைப்புக் கிடைக்கும்வரை அவை நம் காதுக்கு மட்டும். உள்ளே நடப்பது வேறு. இலக்கங்களை ஒவ்வொன்றாகச் சேர்த்து வைத்து, எண் முழுமையடைந்ததும் அதை ஒரே உறையில் போட்டு வலைவழியே அனுப்புகிறது. இன்று புழங்கும் வடிவத்தில் 2002-இல் வந்த எஸ்.ஐ.பி. என்ற நெறிமுறையில் அந்த உறைக்கு வைத்திருக்கும் பெயரே 'அழைப்பிதழ்' என்று பொருள்படும் சொல்தான். கல்யாணப் பத்திரிகையை முகவரி பாதி எழுதித் தபாலில் போட முடியாது. போட்டால் திரும்பி வரும்: அதற்கென்றே 484 என்றொரு பதில் எண் இருக்கிறது. முகவரி முற்றுப்பெறவில்லை என்று அர்த்தம்.

ஆக, போனுக்கு முன்னால் இருக்கும் கேள்வி ஒன்றே ஒன்று. இந்த ஆள் அழுத்தி முடித்துவிட்டாரா, இன்னும் அழுத்தப் போகிறாரா?

கைப்பேசியில் இந்தச் சங்கடம் இல்லை. பச்சைப் பொத்தானை நாமே அழுத்திச் சொல்லிவிடுகிறோம். மேசைப் போன்களிலும் பலவற்றில் # அழுத்தினால் உடனே போய்விடும். ஆனால் ரிசீவரைத் தூக்கி எண்ணை அழுத்திப் பேசிப் பழகிய தலைமுறையிடம் "முடிந்ததும் # போடுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். இரண்டு நாள் போடுவார்கள்.

'முடிந்ததா, இன்னும் வருமா' என்ற இந்தக் கேள்வி தமிழுக்குப் புதிதல்ல. ஓலைச்சுவடியில் சொல்லுக்குச் சொல் இடம் விடும் பழக்கம் இல்லை. புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று மெய்யெழுத்துக்கும் பெரும்பாலும் புள்ளி வைக்க மாட்டார்கள். 'கல்' என்று வாசித்து நிறுத்தலாமா? அடுத்து 'வி' வந்தால் அது கல்வி. அங்கே நிறுத்தலாமா? 'க்கூடம்' வந்தால் கல்விக்கூடம். 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சில் கொண்டுவந்த உ.வே.சாமிநாதையர் போன்றவர்கள் ஆண்டுக்கணக்கில் செய்த வேலைகளில் ஒன்று, சொல் எங்கே முடிகிறது என்று கண்டுபிடிப்பது. மொழி தெரிந்தவருக்குத்தான் அது முடியும். போனுக்கும் ஒரு மொழி தெரிந்திருக்க வேண்டும், அது எந்த ஊரில் இருக்கிறதோ அந்த ஊர் எண்களின் இலக்கணம். அந்த இலக்கணத்தை எழுதிக் கொடுப்பதைத்தான் எங்கள் தொழிலில் டயல் விதி என்கிறோம்.

விதி பார்ப்பதற்கு மந்திரம் எழுதிய தகடு மாதிரி இருக்கும். ஆனால் உள்ளே இருப்பது எளிது. எந்த இலக்கமாகவும் இருக்கலாம் என்பதற்குக் கருவியில் ஓர் ஆங்கில எழுத்தைப் போடுவோம். இங்கே வட்டம் போடுகிறேன். 03○○○○○○○○ என்றால், 03-இல் தொடங்கி அதன்பின் எட்டு இலக்கம் வந்ததும் எண் முடிந்தது, உடனே அனுப்பு என்று பொருள். சிலாங்கூருக்கும் கோலாலம்பூருக்கும் இந்த ஒரு வரி போதும்.

இப்போது தஞ்சோங் மாலிம் இருக்கும் பேராக்கின் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். 05○○○○○○○. எண்ணிப் பாருங்கள், 05-க்குப் பின் ஏழுதான். 03 வட்டாரத்தில் போன்கள் பெருகி எண்கள் எட்டு இலக்கமாயின. 04 முதல் 09 வரை தீபகற்பத்தின் மற்றப் பகுதிகள் ஏழிலேயே இருக்கின்றன. சபா, சரவாக்கில் 082, 088 என்று மூன்று இலக்கப் பகுதி எண், அதன்பின் ஆறு.

அந்தத் தோட்ட ஆபீஸின் பத்து விநாடி இங்கேதான் ஒளிந்திருந்தது. போனில் இருந்த விதிகள் கோலாலம்பூர் ஆபீஸ் ஒன்றுக்கு எழுதியவை. அப்படியே நகலெடுத்து இங்கே ஏற்றிவிட்டார்கள். எழுதியவர் நேரத்தை மிச்சம் பிடிக்க, 03 முதல் 09 வரை எது வந்தாலும் பின்னால் எட்டு இலக்கம் என்று ஒரே வரியில் போட்டுவிட்டிருந்தார். கிராணி தஞ்சோங் மாலிமுக்கு ஒன்பது இலக்கம் அழுத்துகிறார். போன் பத்தாவதை எதிர்பார்க்கிறது. அவர் காதில் வைத்துக் காத்திருக்கிறார், அதுவும் காத்திருக்கிறது. இனி வராது என்று போன் முடிவுகட்ட ஒரு கெடு உண்டு. இந்தப் போனில் பத்து விநாடி. சிஸ்கோ நிறுவனத்தின் பெரிய அலுவலக அமைப்பில் மாற்றாமல் விட்டால் பதினைந்து. கெடு தீர்ந்ததும் சேர்ந்திருப்பதை அப்படியே அனுப்பிவிடும். சில கருவிகள் அதுவும் செய்யாமல் பிழை ஒலி கொடுக்கும்.

கோலாலம்பூர் ஆபீஸில் இந்தப் பிழை மாதக்கணக்கில் யார் கண்ணிலும் படாமல் இருக்கலாம். அங்கே 05 எப்போதாவது போடும் எண். கலும்பாங்கில் அது அன்றாடம். பசார், பஸ், பேங்க் என்று பாதி வாழ்க்கை ஆற்றுக்கு அந்தப் பக்கம். அவசரம் என்றால் தெற்கே கோல குபு பாரு மருத்துவமனை 03, வடக்கே சிலிம் ரிவர் மருத்துவமனை 05. மாநில எல்லையில் இருக்கும் ஊருக்குத் தலைநகரத்து இலக்கணம் பொருந்தாது. இதை நான் முதல் நாளே யோசித்திருக்க வேண்டும்.

மாநில எல்லைதான் எண்ணின் எல்லையும் என்று நினைத்தாலும் தப்பு. கேமரன் மலை பகாங் மாநிலம், ஆனால் அதன் எண் பேராக்கின் 05. மலைக்குப் பழைய பாதை பேராக்கின் தாப்பாவிலிருந்து ஏறுகிறது. கெந்திங் மலை உச்சி பகாங்கில், எண்ணோ 03. மூவார் ஜொகூர்தான், எண் மலாக்காவோடு சேர்ந்த 06. எந்தப் பக்கமிருந்து எளிதாக எட்ட முடிந்ததோ அந்தப் பக்கத்து எண் ஒட்டிக்கொண்டது போலிருக்கிறது. வரைபடத்தில் காணாத பழைய உறவுகள் பகுதி எண்ணில் தங்கியிருக்கின்றன.

கைப்பேசி எண்கள் இன்னொரு விதம். 012, 013, 016, 019 எல்லாம் மொத்தம் பத்து இலக்கம். 011 மட்டும் பதினொன்று. எண்கள் தீர்ந்துபோய்ப் பிறகு திறந்த வரிசை அது. பொதுவாக '01-இல் தொடங்கினால் பத்து' என்று விதி எழுதினால், 011 எண்காரருக்குப் போகும் அழைப்பு கடைசி இலக்கத்தை உதறிவிட்டுப் போகும். அந்தக் கடைசி இலக்கத்தை நீங்கள் அழுத்திக்கொண்டிருப்பீர்கள். உறை ஏற்கனவே தபாலில் போயிருக்கும். விதி நீளமாக இருந்தால் தாமதம். குட்டையாக இருந்தால் தவறான எண், அல்லது எண்ணே இல்லை என்ற பதில். இரண்டில் குட்டைதான் மோசம் என்பேன். தாமதத்தை ஒருவர் என்னிடம் வந்து கேட்பார். எண் போகவில்லை என்றால் "அந்த ஆள் போனை மாத்திட்டான் போல" என்று சும்மா இருந்துவிடுவார்.

கலும்பாங் இருக்கும் உலு சிலாங்கூருக்கே உரிய ஒரு பொறியும் உண்டு. மலேசியாவின் நாட்டு எண் 60. ரவாங், கோல குபு பாரு பக்கத்து 03 எண்கள் பலவும் 60-இல்தான் தொடங்குகின்றன! பகுதி எண்ணை விட்டுவிட்டு உள்ளூர் எண்ணை மட்டும் எட்டு இலக்கமாக அழுத்துகிறவர்களுக்காக, '6-இல் தொடங்கும் எட்டு இலக்கம் உள்ளூர்' என்று ஒரு விதி போடுகிறீர்கள் என்று வையுங்கள். அடுத்த நாள் ஒருவர், விசிட்டிங் கார்டில் பார்த்து, கூட்டல் குறியை விட்டுவிட்டு 603... என்று ஆரம்பிக்கிறார். எட்டாவது இலக்கம் வந்ததும் போன் பாய்ந்துவிடும். இன்னும் மூன்று இலக்கம் பாக்கி. ஒரே 60, ஒன்று ஊர், ஒன்று நாடு. 'கல்'லும் 'கல்வி'யும் போலத்தான். இங்கே சிறிய கெடு ஒன்றை வைப்பது வழக்கம்: எட்டு வந்துவிட்டது, ஆனால் நீளவும் கூடும், மூன்று விநாடி பொறு. அல்லது 03 இல்லாமல் அழைக்கவே கூடாது என்று ஆபீஸில் சொல்லிவிடலாம். நான் இரண்டாவதைத்தான் விரும்புகிறேன். மூன்று விநாடி கேட்பதற்குக் குறைவு, காத்திருந்தால் நிறைய.

உள்ளுக்குள் பேச ஆபீஸில் மூன்று இலக்க எண்கள் வைப்பார்கள். ஸ்டோர் 201, தொழிற்சாலை 202, துரை பங்களா 203 என்று. 03 வட்டாரத்தில் 2-இல் தொடங்கும் வெளி எண்களும் உண்டு. இரண்டும் முட்டிக்கொள்ளாமல் இருக்கத்தான், வெளியே பேச முதலில் 9 போடு என்ற பழைய ஏற்பாடு. ஒரு காலத்தில் எல்லா ஆபீஸிலும் அந்த 9-தான் வாசற்படி. இந்த வாசற்படியில் உலகம் ஒரு பெரிய விலை கொடுத்திருக்கிறது. 2013 டிசம்பரில், அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்து மார்ஷல் நகரில் ஒரு மோட்டல் அறையில் ஒரு பெண் தாக்கப்பட்டார். கூட இருந்த ஒன்பது வயது மகள் பள்ளியில் சொல்லிக்கொடுத்தபடி 911 அழுத்தினாள். நான்கு தடவை அழுத்தினாள். அந்த அறைப் போனில் முதலில் ஒரு 9 போட வேண்டும் என்பது அவளுக்குத் தெரியாது. தாய் இறந்துபோனார். அவர் பெயரால் வந்த 'காரி சட்டம்' 2018-இல் கையெழுத்தாகி 2020 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது: அதன்பின் மாட்டும் பல இணைப்பு அமைப்புகளில், முன்னால் எதையும் சேர்க்காமல் அழுத்தினாலே அவசர எண் போய்ச் சேர வேண்டும்.

நம் ஊரில் எண் 999. வெளியே போக 9 என்று வைத்த ஆபீஸில், முதல் 9 வாசற்படிக்கே போய்விட்டால் மிச்சம் 99. அதை வைத்துக்கொண்டு போன் விழிக்கும். அதனால் விதி எழுத உட்கார்ந்தால் நான் முதலில் எழுதுவது இந்த வரி: 999 வந்தால் கெடு இல்லாமல் உடனே அனுப்பு. வரிசையும் முக்கியம். சில கருவிகள் விதிகளை மேலிருந்து கீழாகப் பார்த்து முதலில் பொருந்துவதை எடுக்கும். ஆஸ்டெரிஸ்க் போன்ற மென்பொருள்கள் எந்த வரியில் இருந்தாலும் மிகக் குறுகலாகப் பொருந்துவதையே எடுக்கும். எது எப்படி என்று தெரியாமல் கை வைக்கக் கூடாது.

வெளிநாட்டு அழைப்பில் இலக்கணம் கைவிரித்துவிடும். 00-க்குப் பின் வரும் எண் நாட்டு எண்ணோடு சேர்த்து அதிகபட்சம் 15 இலக்கம் என்பது உலக ஒப்பந்தம். குறைந்தபட்சம் நாட்டுக்கு நாடு மாறும். அதனால் எல்லா நாட்டுக்கும் பொதுவாக எழுதினால் கெடுவை நம்பித்தான் ஆக வேண்டும். இந்தியாவுக்கு மட்டும் தனி வரி எழுதலாம்: 91-க்குப் பின் எப்போதும் பத்து இலக்கம், சென்னையோ சிவகங்கையோ, வீட்டுப் போனோ கைப்பேசியோ. தோட்டத்தில் இருந்த ஒரே டெலிபோன் ஆபீஸில் இருந்த காலத்தில், ஊரிலிருந்து அழைப்பு வந்தால் லயத்துக்கு ஆள் விட்டுக் கூப்பிடுவார்கள் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். இப்போது அதற்கெல்லாம் வாட்ஸ்அப். ஆபீஸ் போனில் 00-ஐத் திறந்துவிடுவதில் ஆபத்துதான் அதிகம். வலையில் இருக்கும் போன் அமைப்புகளைத் தேடி இரவும் பகலும் தட்டிப் பார்க்கும் நிரல்கள் உலகம் முழுக்க அலைகின்றன. கடவுச்சொல் 1234 என்று இருந்தால் உள்ளே வந்து, ஆபீஸ் பூட்டியிருக்கும் நேரத்தில், நிமிடத்துக்குக் கொள்ளைக் கட்டணம் வாங்கும் வெளிநாட்டு எண்களுக்கு அழைத்துக்கொண்டே இருக்கும். கட்டணத்தில் பங்கு அழைத்தவனுக்கு, பில் தோட்டத்துக்கு. எந்த எண் போகக் கூடாது என்று சொல்வதும் விதியின் வேலைதான். நான் 0091-ஐயும் இன்னொன்றையும் தவிர மற்றதை அடைத்துவிடுவேன்.

அந்த இன்னொன்று எப்படி வந்தது என்றால், கிராணி கேட்டார். விதிகளை அழித்து, கலும்பாங்குக்கு ஏற்றபடி பன்னிரண்டு வரிகளில் திரும்ப எழுதி, தஞ்சோங் மாலிமுக்கு அழைத்துக் காட்டினேன். ஒன்பதாவது இலக்கத்தோடு மணி அடித்தது. அந்தப் பக்கம் யாரோ எடுத்தும் விட்டார்கள். என்ன பேசுவது என்று யோசிக்காமல் அழைத்திருந்த கிராணி, "சும்மாதான், போன் பார்க்கிறோம்" என்று சொல்லி வைத்தார். பிறகு என்னிடம்:

"சரி, சிங்கப்பூருக்கு ரெண்டு போட்டா போகுமா?"

எனக்கு உடனே விளங்கவில்லை. 0065 போட வேண்டும் ஐயா என்றேன். அவர் தலையை ஆட்டினார். "அது கைப்பேசிக்காரங்க போடுறது. 02 போட்டா சிங்கப்பூர். நாங்க அப்படித்தான் போடுவோம்."

அவர் சொன்னது சரி. 1965-இல் சிங்கப்பூர் பிரிந்து தனி நாடாகி, 65 என்று சொந்த நாட்டு எண்ணும் வைத்திருக்கிறது. ஆனாலும் மலேசிய எண் திட்டத்தில் 02 இன்னும் அதற்கே, கோலாலம்பூருக்கு 03 போல, ஈப்போவுக்கு 05 போல. அங்கிருந்தும் 020 போட்டு நம் பகுதி எண்ணை அழுத்தி இங்கே வரலாம். நான் எழுதிய பன்னிரண்டு வரிகளில் 02 இல்லை. எந்த வரிக்கும் பொருந்தாத எண்ணை அந்தப் போன் பிழை ஒலி கொடுத்துத் தள்ளியிருக்கும்.

பதின்மூன்றாவது வரி எழுதினேன்: 02○○○○○○○○ வந்தால், 02-ஐ எடுத்துவிட்டு 0065 வைத்து உடனே அனுப்பு. கிராணி சட்டைப்பையிலிருந்து ஒரு சிறிய நோட்டை எடுத்து, விரலை வரியில் வைத்துக்கொண்டு, ஜூரோங்கில் இருக்கும் மகனின் எண்ணை ஒவ்வொன்றாக அழுத்தினார். கடைசி இலக்கம் அழுத்தியதும் பழக்கதோஷத்தில் ரிசீவரைத் தோளில் சாய்த்துக்கொண்டு காத்திருக்கத் தயாரானார். அதற்குள் அங்கே மணி அடிக்க ஆரம்பித்துவிட்டது.